உரிமை கோரியவள்

அண்ணன் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூடத் தெரியாத ஆள் அவன். குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போகிறவன். அது தானாக நடந்து போய்த் தொட்டியில் குளித்துக்கொள்ளும் என்று மனதார நம்புகிறவன். அப்படிப்பட்டவன், அவள் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஆவி பறக்கும் டம்ளரோடு கூடத்தின் நடுவில் நின்றான். டீயில் சர்க்கரை பாகாக இருந்தது. டம்ளரின் அடிப்பகுதியை அவன் தன் சட்டைத் துணியாலேயே துடைத்திருந்தான்.

"என்ன வேணும்?" என்றாள்.

"ஏன், தங்கச்சிக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்கக் கூடாதா?"

"கொடுக்கலாம். நான் பொறந்ததுலேர்ந்து கொடுக்கலையே, அதான் கேட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் அம்மா குறுக்கே வருவாள். 'வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா உன் வாயை' என்பாள். அன்றைக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள். அதையே எடுத்து மறுபடி உதறினாள்.

விஷயத்தைச் சொல்ல அண்ணனுக்கு அரை டம்ளர் நேரம் ஆனது. வெளிநாட்டிலிருந்து விநோதமான பொருட்களை வரவழைத்து, அவற்றைவிட விநோதமான மனிதர்களுக்கு விற்பது அவன் தொழில். கடை கிடையாது, பலகை கிடையாது, எல்லாம் கைப்பேசியில்தான். செல்லாத நாணயம், பஞ்சு அடைத்த பறவை, யாரோ செத்துப்போன தளபதியின் சட்டைப் பொத்தான். போன வருடம் காய்ந்த கடல்குதிரைகள் ஒரு பெட்டி நிறைய வந்து சுங்கத்தில் மாட்டிக்கொள்ள, இனி ஒருமுறை வந்தால் உள்ளேதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு அவனை விட்டிருந்தார்கள். இப்போது இன்னொரு பார்சல் மாட்டியிருக்கிறது.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"பார்சல் உன் பேருக்கு வந்திருக்கு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் பேர்ல எப்படிடா வரும்?"

"என் பேரு அவங்ககிட்ட இருக்கே. போட்டா உடனே திறந்துடுவாங்க. உன் பேரு சுத்தமான பேரு. படிச்ச பேரு." சிரிக்கப் பார்த்தான். "மேடம் பேருன்னா ஒரு மரியாதை இருக்கும்னு நினைச்சேன்."

பட்டம் வாங்கியதிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு 'மேடம்' என்றுதான் பெயர். குழாய் ரிப்பேர் என்றால் மேடத்தைக் கேள். வங்கியில் ஏதாவது என்றால் மேடம் பார்த்துக்குவாங்க. அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதற்கு விலையாக ஆயுள் முழுவதும் கேலியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது வீட்டாரின் கணக்கு. போதாக்குறைக்கு, அவள் படிப்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்டதாக அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவன் தேர்வில் தோற்றுப் போனபோது அவள் பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த வயது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"நான் வாங்கலன்னு சொல்லிடுறேன். அவ்வளவுதானே?"

"அப்ப யார் வாங்கினான்னு தேடுவாங்க. என் போன்ல வந்து நிப்பாங்க. எனக்கு ரெண்டாவது தடவை. உனக்கு முதல் தடவை, எச்சரிச்சு விட்டுருவாங்க. ஒரு கையெழுத்து. அதோட கதை முடிஞ்சுது."

"உள்ள என்ன இருக்கு?"

"பழைய சாமான்."

"என்ன பழைய சாமான்?"

"பழைய சாமான்னா பழைய சாமான். எனக்கே சரியாத் தெரியாது."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டையின் கழுத்துப்பட்டையை நீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஒரு கையெழுத்துதானே. அவன் உள்ள போயிட்டா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வெளிய தலை காட்டுறது?"

என் முகம் பரவாயில்லையா என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. அம்மா அதே சட்டையை மறுபடி உதறினாள். இவளுக்கு அம்மாவின் கோபத்தைச் சமாளிக்கத் தெரியும், அழுகையைச் சமாளிக்கத் தெரியும், முகம் பார்க்காத இந்தக் குனிவு மட்டும் பழக்கமில்லாதது.

தூங்கப் போகும்போது அண்ணன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். "எழுதும்போது 'இது என்னுடையது'ன்னு எழுது. 'என் பேருக்கு வந்தது'ன்னு எழுதிடாத. வார்த்தை முக்கியம்."

"ஏன்?"

"வார்த்தை முக்கியம்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனான்.

*

சுங்க அலுவலகத்தின் பார்சல் பிரிவு ஒரு நீளமான கொட்டகை. மேலே தகரக் கூரை சூட்டில் டிக் டிக்கென்று விரிய, கீழே உருளைப் பட்டைகளில் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஊர்ந்து வர, அட்டையின் தூசும் ஒட்டுநாடாவின் பசையும் யாரோ எங்கோ உடைத்துவிட்ட வாசனைத் திரவியமும் சேர்ந்து தொண்டையில் படிந்தன. கடைசியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அறை. அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே வர மாட்டேன் என்று வழியிலேயே சொல்லியிருந்தான். "துணைக்குதான் வந்தேன்" என்றான்.

அந்த அறையின் அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதும் எடுத்து மாட்டிக்கொண்டு சிரித்தார். நல்ல மனுஷி என்று தோன்றியது. கடுகடு என்று ஒரு ஆள் இருந்திருந்தால் பொய் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுத்துட்டு வாங்க" என்று அவர் குரல் கொடுக்க, கிடங்குக்காரர் ஒரு சின்ன மரப்பெட்டியைக் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி கொண்டுவந்து எஃகு மேசையில் வைத்தார். வைத்ததும் பேண்டில் கையைத் தேய்த்துக்கொண்டார்.

அதிகாரி உறை மாட்டிய விரல்களால் பஞ்சை விலக்கினார்.

அது என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. குதிரை லாடத்தைப் போல் வளைந்து, டீத்தூள் நிறத்தில், ஓரங்கள் வழுவழுவென்று எண்ணெய் மினுங்க, ஏதோ தேய்ந்துபோன மரச்சாமான் என்றுதான் கண் சொன்னது. பிறகு பற்கள் தெரிந்தன. கீழ்வரிசைப் பற்கள். மனிதப் பற்கள்.

"தாடை" என்றார் அதிகாரி. "மனுஷத் தாடை. கீழ்த்தாடை மட்டும். தபால்ல மனுஷ எலும்பு அனுப்புறது குற்றம்னு தெரியுமாம்மா உங்களுக்கு?"

"பழசுன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"பழசா?" அதிகாரி பேனா முனையால் கடைவாய்ப் பல் ஒன்றைக் காட்டினார். அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு பளிச்சிட்டது. "பல் அடைச்சிருக்கு பாருங்க. ஆஸ்பத்திரி நாற்காலியில உட்கார்ந்து, ஆ காட்டி, அடைச்சுக்கிட்டு வந்திருக்கான் இந்த ஆள். நம்மள மாதிரி ஒருத்தன்."

பெட்டியிலிருந்து வாசனை எழுந்தது. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கும் கிராம்புத் தைலம். அதற்கு அடியில் இன்னொன்று, காலையில் எழுந்தவுடன் மூடிய வாய்க்குள் இருக்கும் வெதுவெதுப்பான நாற்றம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உங்க பேரை வேற யாராவது பயன்படுத்தியிருந்தா இப்பவே சொல்லிடலாம். இங்க நிறைய பொண்ணுங்க வந்து உட்கார்ந்து பார்த்திருக்கேன். புருஷனுக்காக, தம்பிக்காக. வெளியில பெஞ்சுல ஒருத்தர் கால் ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அண்ணனின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

"நான்தான் வாங்கினேன்" என்றாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். காகிதத்தைத் தள்ளினார். அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். எழுந்துகொள்ளப் போனவளை அவர் கையமர்த்தினார். "சத்தமா வாசிக்கணும். படிக்காமலே போட்டேன்னு பின்னாடி சொல்றாங்க, அதனால இங்க அப்படி ஒரு ஏற்பாடு. பொருளைப் பார்த்து, சாட்சி முன்னாடி, எழுதினதை அப்படியே."

அவள் அந்த எலும்பைப் பார்த்தபடி வாசித்தாள்.

"இது என்னுடையது."

வெளியே உருளைப் பட்டை நின்றிருந்தது. ஏதோ பெட்டி சிக்கியிருக்கும். ஆனாலும் அந்த நொடியில் கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டதுபோல் இருந்தது. அவள் காதுக்குக் கீழே, தாடை மண்டையோடு சேரும் இடத்தில், யாரோ விரல் வைத்து அழுத்திப் பார்த்தது போல ஒரு குறுகுறுப்பு. கையை வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

பெட்டியை மூடிக்கொண்டே கிடங்குக்காரர் சொன்னார். "அப்பாடா. இதுக்கு ஒரு சொந்தக்காரங்க கிடைச்சீங்களே. தினமும் ஒரு ஆள் வந்து நின்னுக்கிட்டு இருந்தாரும்மா இதைக் கேட்டு."

"யாரு?"

"தெரியல. இந்த வெயில்ல மூக்குலேர்ந்து கழுத்து வரைக்கும் மஃப்ளர். பேச முடியாதவர் போல. யாரோட பொருள்னு கேட்டா தன் முகத்தைத் தொட்டுக் காட்டுறாரு. உங்க வீட்டு ஆளா?"

"இல்ல."

"உரிமை கோரினவங்க இல்லாம நாங்க எதுவும் பேச முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். இப்பதான் உங்க பேரு இருக்கே. மறுபடி வந்தா உங்ககிட்ட பேசிக்கச் சொல்லிடுறேன்."

வெளியே வந்து அண்ணனிடம் இதைச் சொன்னாள். யாராக இருந்தாலும் 'யார் அது' என்றுதான் கேட்பார்கள். அண்ணன் கேட்டது வேறு.

"கடைசியா எப்ப வந்தானாம்?"

*

அவள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் திட்டு வாங்கி, திட்டியவர்களுக்கே இனிமையாகப் பதில் சொல்ல வேண்டும். பட்டத்துக்குக் கிடைத்த வேலை அது. அவள் குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். அந்தக் குரலில்தான் அந்த வீடு சாப்பிட்டது.

சுங்கத்துக்குப் போய் வந்த அதே வாரத்தில் ஒரு மதிய நேரம் அந்த அழைப்பு வந்தது.

"வணக்கம், உங்க புகாரைச் சொல்லலாம்."

மூச்சு மட்டும். சளி பிடித்தவர்களின் மூச்சு அல்ல அது. அதில் அகலம் இருந்தது, கதவே இல்லாத வீட்டுக்குள் காற்று நுழைந்து வெளியேறுவதுபோல். நடுவில் ஏதோ ஈரமானது தொங்கி எதன்மீதோ உரசிக்கொண்டிருந்தது.

"சார், கேக்குதா? உங்க பேர் சொல்ல முடியுமா?"

"எ..." என்றது. "எ... உ... உ..."

உதடும் பல்லும் சேராமல் தொண்டையிலிருந்தே வரும் ஒலி. வலிப்பு வந்தவரோ என்று முதலில் பதறினாள். ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டாள். அந்தக் குரல் பொறுமையாகத் திரும்பச் சொன்னது. மறுபடியும். மறுபடியும். சின்னக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. கடைசியில் அவளுக்குப் புரிந்தது. அது 'என்னுது' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்து, "திட்டுறானா? வெச்சுட்டுப் போடி, இவனுங்களுக்கு வேற வேலை இல்ல" என்றாள்.

அன்று மாலை வீட்டு மாடிப்படியில் சொட்டுகள் கிடந்தன. தண்ணீர் என்று நினைத்து மிதித்தாள். செருப்பு படியோடு ஒட்டிப் பிரிந்தது. நிறமில்லாத, கொழகொழவென்ற, நூல்போல் இழுபடும் சொட்டுகள், ஒவ்வொரு படியிலும், கைப்பிடியை ஒட்டியே. அவற்றைப் பின்பற்றிக்கொண்டே மேலே போனாள். அவர்கள் வீட்டு வாசல் கால்மிதி சதசதவென்று நனைந்திருந்தது. யாரோ வெகுநேரம் அங்கே தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். கதவைச் சுற்றி கிராம்புத் தைலம் மணத்தது.

"யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல" என்றான் அண்ணன், அவள் கேட்டு முடிக்கும் முன்பே.

அடுத்த நாள் அந்த ஆளைப் பார்த்தாள். அலுவலகம் விட்டு வந்து பேருந்துக்கு நிற்கையில், சாலைக்கு எதிர்ப்பக்கம். சாம்பல் நிற மஃப்ளர், சுற்றிலும் மனிதர்கள் வியர்வையில் ஒட்டிய சட்டையை இழுத்து விட்டுக்கொள்ளும் வெக்கையில், மூக்கிலிருந்து கழுத்துவரை. அதன் முன்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. மூக்குக்குக் கீழே துணி உள்வாங்கிக் குழிந்து கிடந்தது. அங்கே ஒரு முகத்தில் இருக்க வேண்டிய மேடு இல்லை.

ஆண்கள் வெறித்துப் பார்ப்பது அவளுக்குப் புதிதல்ல. திருப்பி முறைக்கத் தெரியும், வாய்விட்டுத் திட்டத் தெரியும், ஒருமுறை செருப்பையே கழற்றியிருக்கிறாள். ஆனால் இவன் பார்வை அவள் கண்ணில் இல்லை. மார்பில் இல்லை. அவள் முகவாயில் இருந்தது. காதிலிருந்து காதுவரை அந்த வளைவை நிதானமாகத் தடவிப் போய்த் திரும்பி வந்தது. கடையில் பொருள் பார்ப்பவனின் பார்வை.

பேருந்து வந்து மறைத்தது. அது போனபோது அவன் சாலையின் இந்தப் பக்கம் நின்றான்.

அவள் ஓடினாள்.

*

எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். அது என்னுடையது இல்லை, அண்ணனுடையது. இந்தச் சின்ன உண்மையைச் சொல்ல இத்தனை நாள் எதற்கு? அவன் உள்ளே போனால் போகட்டும். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சுங்க அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி வெளியே போயிருந்தார். காத்திருந்து காத்திருந்து, வெயில் கொட்டகைக்குள் சாய்ந்து வர ஆரம்பித்தபோது, கிடங்குக்காரர்தான் வந்தார்.

"வாபஸா? இனி என்னத்துக்கும்மா? அதான் காலையில எரிச்சாச்சே."

"எதை?"

"அந்தத் தாடையைத்தான். பறிமுதல் பண்ணினதுல திருப்பிக் கொடுக்கக் கூடாததெல்லாம் உலையில போட்டுடுவோம். பொடியாப் போச்சு." அவர் முகத்தில் நிம்மதி. "நல்லவேளை, அந்த மஃப்ளர்காரரும் அப்ப இங்கதான் இருந்தாரு. எல்லாத்தையும் நின்னு பார்த்தாரு. பாவமா இருந்துச்சு. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. எங்ககிட்ட ஒண்ணும் இல்லங்க, அது என்னுதுன்னு எழுதிக் கொடுத்த அம்மா இருக்காங்க, ஈடு ஏதாவது வேணும்னா அவங்ககிட்டதான் கேக்கணும்னு சொன்னேன். விலாசம் முன்னாடியே கொடுத்திருந்தேன்."

"ஈடு" என்றாள் அவள்.

"ஆமா. போன பொருளுக்குப் பதிலா ஏதாவது."

கூட்ட நெரிசலில் பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அம்மாவுக்குப் போன் செய்தாள். கதவைத் திறக்காதே, யார் வந்தாலும் திறக்காதே, என் சான்றிதழெல்லாம் எடுத்து ஒரு பையில் போட்டு வை, நான் வந்ததும் எங்காவது போய்விடலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். மறுமுனையில் அம்மா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள்.

"நீ வீட்டுக்கு வா கண்ணு" என்றாள் கடைசியில். "பார்த்து வா. அவசரப்படாம வா."

கண்ணு. அண்ணனைத்தான் அம்மா அப்படிக் கூப்பிடுவாள். அவளைக் கூப்பிட்டதில்லை. அத்தனை பயத்துக்கு நடுவிலும், வெட்கமில்லாமல், உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது.

*

அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் பொது நடையில் திறக்கும். விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் படியேறி நடைக்கு வந்தபோது, உள்ளே அண்ணனும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பெயர் அடிபட்டதால் நின்றாள்.

"...எனக்கு அனுப்பினவன் முன்னாடியே சொல்லிட்டான்மா. யார் தன்னுதுன்னு வாயால சொல்றாங்களோ அவங்ககிட்டதான் தாடையைத் தேடி அது வரும்னு. அவன் சொல்லலை. நானும் ஒரு தடவகூடச் சொல்லலை. ஆனா யாராவது சொல்லித்தானே ஆகணும்? சொல்ற வரைக்கும் தொட்டவங்க வாங்கினவங்க எல்லாரையும் சுத்தி வருமாம்."

"சுங்கத்துல பிடிச்சது?"

"அது நல்லதாப் போச்சு. இல்லன்னா அவளை எப்படிச் சொல்ல வைக்கிறது? எதைச் சொன்னாலும் ஏன் எதுக்குன்னு கேப்பாளே."

குழாயில் தண்ணீர் சொட்டியது. அம்மா எதையோ அலம்பினாள். அலம்பிவிட்டுக் கேட்டாள்.

"வலிக்குமாடா அவளுக்கு?"

"தெரியலம்மா."

"வாய் கொஞ்சம் அதிகம்தான் அவளுக்கு" என்றாள் அம்மா. தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும் குரல். "எல்லாரும்தான் சொல்லுவாங்க."

திரும்பி ஓடியிருக்க வேண்டும். பிறகு யோசிக்க நேரம் இருந்திருந்தால் அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த நொடியில் பயம் எங்கோ போய்விட்டது. காலிலிருந்து தலைக்கு ஏறியது கோபம், வெறும் கோபம். பிறந்ததிலிருந்து கேட்ட ஒவ்வொரு 'வாயை மூடு'வும் ஒன்றாகச் சேர்ந்து எழுந்தது. இரண்டு பேரையும் நிற்க வைத்து, முகத்துக்கு நேராக, நடை முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட வேண்டும். கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை.

கூடத்தில் விளக்கு இல்லை. சமையலறை வெளிச்சம் தரையில் நீண்டு கிடந்தது.

கிராம்புத் தைலம்.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விருந்தாளி உட்காரும் நாற்காலி. முதுகு இந்தப் பக்கம். முழங்காலின் மேல் சாம்பல் நிற மஃப்ளர், நான்காக மடித்து. சொட்டு. சொட்டு. நாற்காலிக்கு அடியில் அம்மா ஒரு கிண்ணம் வைத்திருந்தாள்.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வந்துட்டா" என்றாள். அவளிடம் அல்ல.

பின்னால் கதவு மூடியது. அண்ணன். எப்போது சுற்றி வந்தான்? தாழ் விழுந்தது.

"அண்ணா, கதவைத் திற."

அவன் கதவைப் பார்த்து நின்றான். முதுகு மட்டும்.

"டேய். திறடா."

நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் எழுந்தார். திரும்பினார். மேலுதடு வரை ஒரு முகம். சாதாரண முகம். கண்ணில் பூளை, நெற்றியில் சுருக்கம், யாருக்கோ அப்பாவாக இருந்திருக்கக்கூடிய முகம். மேல்வரிசைப் பற்கள். அதற்குக் கீழே எதுவும் இல்லை. நாக்கு கழுத்தில் தொங்கியது. அசைந்தது.

அவள் கத்த வாயைத் திறந்தாள். அவர் கண்கள் உடனே அங்கே போயின. ஆவலாக.

"அம்மா, சொல்லும்மா அவர்கிட்ட. அது என்னுது இல்லன்னு சொல்லு. அவன்தாம்மா. அவன்தான் வாங்கினான். நீயே சொல்லும்மா."

அம்மா அருகே வந்தாள். அவள் கையைப் பிடித்தாள். தரையில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பேன் பார்ப்பதற்குப் பிடித்த பிடி. தப்ப முடியாத பிடி.

"அசையாத" என்றாள். "அசைஞ்சா வலிக்கும்."

விரல்கள் வந்தன. குளிர்ந்த விரல்கள். காதுக்குக் கீழே, இருபுறமும், அந்த இடத்தை நேராகக் கண்டுபிடித்தன. பொறுமையான விரல்கள். பெட்டியின் மூடியைத் தளர்த்துவதுபோல் கொஞ்சம் இந்தப் பக்கம். கொஞ்சம் அந்தப் பக்கம்.

வலிக்கவில்லை.

ஒரு சத்தம் மட்டும். பிறகு காற்று. முகத்தின் நடுவில், அதுவரை காற்றே பட்டிராத இடத்தில், சில்லென்று காற்று. கேட்க வேண்டியதெல்லாம் தொண்டைக்கு வந்தது. நின்றது. வெளியே போக வழி தெரியாமல் அகலமாக, வெறுமையாக, மூச்சாக மட்டும் போனது.

அவர் அவளுக்கு முதுகு காட்டி நின்றார். தோள்கள் அசைந்தன. ஏதோ பொருந்தியது.

அம்மா அவளுடைய தலையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்து அவள் முகத்தின் கீழ்ப்பாதியை மூடினாள். முகத்தைப் பார்க்காமலே மூடினாள். எழுந்து நின்று, கடையில் துணி எடுத்தவரிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டாள்.

"சரியா இருக்குங்களா?"

அவர் வெளிச்சத்துக்குத் திரும்பினார். முகம் முழுதாகியிருந்தது. அந்தக் கிழட்டு மூக்குக்குக் கீழே, மழிக்காத கன்னங்களுக்கு நடுவே, இளம் பெண்ணின் சின்ன முகவாய். ஒரு பக்கம் ஏறிய அவளுடைய பல். அது மூடித் திறந்தது. நாக்கு உள்ளே சுற்றி வந்து ஒவ்வொரு பல்லையும் தொட்டுப் பார்த்தது.

பிறகு பேசியது. அவளுடைய குரலில். கோபமே இல்லாத குரலில்.

"அம்மா."

அவள் தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, யோசிக்கவே யோசிக்காமல், அந்த வாயைப் பார்த்து, "என்ன கண்ணு?" என்றாள்.